வெளியே நிற்கும் ஆள்

குவைத்,
14-7-2002

அன்பு அமிர்தத்துக்கு,

இங்க வந்து மூணு வாரம் ஆவுது. அன்னைக்குப் போன்ல கெடச்ச ரெண்டு நிமிஷத்துல நீ "சாப்டீங்களா"ன்னு கேட்ட, நான் "சாப்ட்டேன்"னேன், லைன் போயிடுச்சு. மிச்சம் எல்லாத்தையும் இதுல எழுதறேன். நான் எதிர்ல உக்காந்து சொல்ற மாதிரி நெனச்சுக்கிட்டுப் படி. கயல்விழிக்கும் படிச்சுக் காட்டு.

நானும் நல்லமுத்துவும் ஒரே ரூம்தான். செராமிக் கம்பெனியில பத்து வருசம் ஒரே பெஞ்சுல உக்காந்து பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சோம். இங்கயும் அடுத்தடுத்த கட்டில். ரூமுக்கு எட்டு பேரு. வெயிலப் பத்தி எழுத மாட்டேன், எழுதுனா பேப்பர் பத்திக்கும்.

விசாவுல பெயிண்டர்னுதான் போட்டிருக்கு. ஆனா இங்க பெயிண்டுன்னா வேற. எண்ணெய் ரொப்புற இரும்பு டேங்கு, ஒவ்வொண்ணும் நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டு அகலம். அதுக்கு உள்பக்கமா ஸ்ப்ரே அடிக்கணும். உள்ள போறதுக்கு ஒரு ஆளு நுழையற அளவுக்கு ஓட்டை, அவ்வளவுதான். பெயிண்டு வாசனைய நேரா மோந்தா ஆளு மயங்கிடும். அதனால மூஞ்சி முழுக்க மாஸ்க், அதுக்கு வெளியிலேர்ந்து குழாய் வழியா காத்து வரும். காத்து மிஷின் வெளிய ஓடும். உள்ள ஒருத்தன் அடிச்சா வெளிய ஒருத்தன் மிஷினப் பாத்துக்கிட்டு ஓட்டை வாசல்லயே நிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்திக்குவோம். நானும் நல்லமுத்துவும்தான் ஜோடி. உள்ள இருக்கறவனுக்கு எதுனா ஆனா இரும்புல மூணு தட்டு தட்டுவான். வெளிய இருக்கறவன் இடுப்புக் கயித்தப் புடிச்சு இழுக்கணும். பயப்படாத. இதெல்லாம் பழகிடுச்சு.

சாயங்காலம் வந்து குளிச்சா வேற பொழுதுபோக்கு இல்ல. சாப்பாட்டுக் கூடத்துல ஒரு டி.வி. அதுல இந்த ஊரு சானல் மட்டும்தான் வரும். தெனம் ஒரு காமெடி நாடகம் போடறான். ஒரு தொப்பைக்காரப் பணக்காரரு, அவரப் போட்டுக் காச்சி எடுக்கற சம்சாரம், எல்லாத்தையும் ஒடைக்கற டிரைவரு. எங்களுக்கு ஒரு வார்த்த புரியாது. நல்லமுத்துதான் எழுந்து டி.வி. பக்கத்துல நின்னுக்கிட்டு அவங்க வாயசைக்கறதுக்கு ஏத்த மாதிரி தமிழ்ல பேசுவான். தொப்பைக்காரருக்கு சக்கரபாணி முதலாளின்னு பேரு வெச்சிருக்கான். டிரைவரு விருத்தகிரி. அந்தச் சம்சாரத்துக்கு என்ன பேருன்னு நினைக்கற? அவன் பொண்டாட்டி பேரேதான், ராஜாம்பாள்! "யோவ் சக்கரபாணி, அரை கிலோ கத்திரிக்கா வாங்கியான்னா ஒட்டகத்த வாங்கியாந்து நிக்கறியே"ன்னு அவன் கத்துனா, முப்பது பேரு விழுந்து விழுந்து சிரிக்கறோம். தெலுங்குக்காரங்களுக்கும் சிரிப்பு வருது. ஏன்னு அவங்களுக்கே தெரியாது.

இத ராஜாம்பாள்கிட்ட சொல்லு. அவன் எழுத மாட்டான், அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது. அவன் சேதியெல்லாம் என் லெட்டர்லதான் வரும்.

உன்
கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்,
4-8-2002

அன்புள்ள மாமாவுக்கு அமிர்தம் எழுதறது.

லெட்டரு வந்துச்சு. மூணு தடவ படிச்சாச்சு. மொத தடவ நான் மட்டும், ரெண்டாவது கயலுக்கு, மூணாவது ராஜாம்பாளுக்கு. வேலைக்கு இடையில சாப்பாட்டு நேரத்துல அவ என்னை விடல. கம்பெனியில இப்ப எங்களுக்கு ஃபியூஸ் கேரியர் செக்சன். அச்சுலேர்ந்து எடுத்து ஓரம் தேய்க்கற வேல. ரெண்டு பேரும் மேலெல்லாம் வெள்ளைப் பொடியா உக்காந்து, நான் படிக்க அவ கேட்டா. தன் பேர வெச்சு டி.வி.யில கத்தறாருன்னதும், "வரட்டும் அந்த ஆளு, நெஜமாவே கத்திக் காட்டறேன்"னா. சொல்லிட்டு அவளே சிரிச்சு, இருமல் வந்து, சூப்பர்வைசரு எட்டிப் பார்த்தாரு.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. "அண்ணி, டேங்குக்கு வெளிய ஒரு ஆளு நிக்கணும்னு எழுதியிருக்காங்களே, எங்க வூட்டுக்காரரு உள்ள போறப்ப வெளிய நிக்கற ஆளு யாரு?" "உங்க அண்ணன்தான் ராஜாம்பாள்"னேன். "அப்ப சரி"ன்னுட்டு டிபன் பாக்ஸ மூடிட்டா. 

என்னால அப்படி மூட முடியல. அந்தக் காத்து மிஷினு நின்னு போனா என்ன ஆவும்? அது ஓடறது கரண்டா, டீசலா? எழுதுங்க.

நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு ஒரு வரி கூட இல்ல. ஒட்டகம், தொப்பைன்னு எழுதறீங்க. கயலு மூணாங்கிளாஸ்ல மொத ரேங்கு. ராஜாம்பாள் பொண்ணு தமிழினி சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்குது. நல்லமுத்து அண்ணன்கிட்ட சொல்லுங்க.

டி.வி.யில அந்தப் பக்கம் சண்டை வரப் போவுதுன்னு சொல்றாங்க. ஜாக்கிரதையா இருங்க.

உங்கள்
அமிர்தம்


குவைத்,
22-9-2002

அன்பு அமிர்தத்துக்கு,

சோறு, பருப்பு, கோழி. வெள்ளிக்கிழம மீனு. இப்ப திருப்திதானே?

சண்டையப் பத்தி இங்க எல்லாரும்தான் பேசறாங்க. அமெரிக்காக்காரன் லாரி லாரியா வந்து எறங்கறான். நம்ம கேம்ப்பு ஒதுக்குப்புறம், ஒண்ணும் ஆவாது.

இதுக்குக் கீழ எழுதறத ராஜாம்பாளுக்குப் படிக்காத. உனக்கு மட்டும்.

போன வாரம் அடுத்த டேங்குல ஒருத்தன் உள்ளயே விழுந்துட்டான். ஒரிசாப் பையன்னு நெனக்கறேன், பேரு கூடத் தெரியாது. தூக்கிட்டுப் போனாங்க. சாயங்காலம் அவன் கட்டில்ல படுக்கையச் சுருட்டி வெச்சிருந்துச்சு. "ஊருக்கு அனுப்பிட்டோம், நல்லாருக்கான்"னாரு சூப்பர்வைசரு. ரெண்டு நாளு கழிச்சு அந்தக் கட்டில்ல வேற ஆளு. யாரும் எதுவும் கேக்கல. நானும் கேக்கல.

அதுக்கு மறுநாளு நல்லமுத்து உள்ள இருக்கறப்ப எங்க மிஷினு ரெண்டு இருமு இருமிட்டு நின்னுப் போச்சு. டீசல்தான், நீ கேட்டியே. அடுத்த நிமிஷமே உள்ளேர்ந்து டங் டங் டங்குன்னு தட்டறான். நான் கைப்புடியச் சுத்திக் கெளப்பிட்டேன். வெளிய வந்ததும் மாஸ்க்கக் கழட்டிட்டு, "மாப்ள, நீ இல்லன்னா இன்னேரம் நான் பொம்மதான்"னு சிரிச்சான். ஆனா பீடிய அவனால பத்த வெக்க முடியல, நான்தான் பத்த வெச்சேன். மிஷினு பழசு, மாத்துங்கன்னு சொல்லியாச்சு. மாத்தறேன்னுருக்காங்க.

இனிமே ராஜாம்பாளுக்கும் படிக்கலாம். நோன்பு மாசம் வரப் போவுது. அந்த மாசத்துக்குன்னே புதுசா ஒரு காமெடி நாடகம் போடுவானாம். சாயங்காலம் நோன்பு தொறந்த ஒடனே போடறதாம், ஊரே வேலைய நிறுத்திட்டுப் பாக்குமாம். நல்லமுத்து இப்பவே ஒத்திகை பாக்கறான். புது ஆளுங்களுக்கு என்ன பேரு வெக்கறதுன்னு ராஜாம்பாளக் கேட்டு எழுதச் சொன்னான்.

உன்
கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்,
20-10-2002

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்க சொன்ன மாதிரி நடுவுல இருந்தத விட்டுட்டுத்தான் படிச்சேன். ஆனா ராஜாம்பாளுக்கு எழுத்துதான் தெரியாது, முகம் தெரியும். "கண்ணு கீழ எறங்குது, வாயி மூடியிருக்குது. என்ன தாண்டிட்டீங்க அண்ணி?"ன்னா. "எங்களுக்குள்ள"ன்னு சொல்லிச் சமாளிச்சேன். வெக்கப்படறதா நெனச்சுக்கிட்டு கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டா. 

மாமா, அந்தப் பையன் எங்க போனான்னு நீங்க கேட்டிருக்கணும். கேக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதையே நெனச்சுக்கிட்டிருக்கேன்.

மிஷின மாத்துனாங்களா? மாத்தலன்னா ரெண்டு பேரும் கெளம்பி வந்துடுங்க. ஏஜெண்டுக்குக் கட்டுன பணம் போனாலும் பரவால்ல. இங்க பொம்மை செக்சன்ல திரும்ப எடுத்துக்குவாங்க, நான் பேசறேன்.

தமிழினி நடந்துட்டா! போன செவ்வாக்கிழமை, எங்க வூட்டுலதான். கயலு கையில முறுக்க வெச்சுக்கிட்டுக் கூப்புட்டா, நாலடி எடுத்து வெச்சுட்டு தொப்புன்னு உக்காந்துடுச்சு. ராஜாம்பாள் ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அவளுக்கு ஒரே அழுகை, அவரும் பாக்கல, நானும் பாக்கலன்னு. நல்லமுத்து அண்ணன்கிட்ட ஒடனே சொல்லுங்க.

புது நாடகத்துக்குப் பேரு கேட்டாரே, கொழந்த யாராவது வந்தா தமிழினின்னு வெக்கணுமாம். வேற யாருக்கு என்ன வேணா வெச்சுக்கச் சொன்னா.

தீபாவளி நவம்பர் நாலு. உங்களுக்கு வேல இருக்கும். எண்ணெயாவது தேச்சுக் குளிங்க.

உங்கள்
அமிர்தம்


குவைத்,
20-11-2002

என் அன்பான அமிர்தத்துக்கும், செல்லக் குட்டி கயல்விழிக்கும், தங்கச்சி ராஜாம்பாளுக்கும், நடக்க ஆரம்பிச்சுட்ட தமிழினிக்கும்,

எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்னு கடவுள வேண்டிக்கறேன். நாங்க ரெண்டு பேரும் இங்க ரொம்ப ரொம்ப நல்லா இருக்கோம்.

ஒரு சந்தோஷமான சேதி. எனக்கு இனிமே டேங்கு வேல இல்ல. ஆபீஸ்ல போர்டு எழுதற வேல கொடுத்துட்டாங்க. ஏ.சி. ரூம்ல உக்காந்து வேல. என் கைவேலயப் பாத்துட்டு சூப்பர்வைசரே சொல்லிப் போட்டுக் கொடுத்தாரு. நீ கவலப்பட்டுக்கிட்டே இருந்த, இப்ப நிம்மதியா இரு.

புது காமெடி நாடகம் அமர்க்களமா ஓடுது. ஒரு வீட்டுல நாலு மருமவனுங்க, ஒரே ஒரு கார். யாரு ஓட்டறதுன்னு தெனம் சண்ட. நல்லமுத்து வயித்தப் புண்ணாக்கிட்டான். நேத்து கூட சாப்பாட்டுக் கூடமே சிரிச்சுது. ஒருத்தன் கார் கதவுல மாட்டிக்கிட்டான், அப்புறம் என்னாச்சுன்னா, அது என்னமோ ஆச்சு, மறந்துட்டேன். ரொம்பத் தமாஷு.

தமிழினி நடந்தத அவன்கிட்ட சொன்னேன். அவனுக்குத் தலகால் புரியல. கேம்ப்பு முழுக்க மிட்டாய் கொடுத்தான். ராஜாம்பாளுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னான். வாசப்படி உசரம், கீழ சாக்கடை ஓடுது, கொழந்தய வாசல் பக்கம் விடாத, குறுக்க ஒரு பலக போட்டு வையின்னு சொல்லச் சொன்னான். மறக்காம சொல்லு.

அவனுக்குக் கொஞ்ச நாளு வேற சைட்டுல வேல இருக்கும்போல. போன் கிடையாது. போன் பண்ணலன்னு ராஜாம்பாள் வருத்தப்பட வேணாம். நீங்களும் கம்பெனி நம்பருக்குப் பண்ண வேணாம், லைன் சரியில்ல.

வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. எல்லாம் நல்லபடியா இருக்குது.

உன்
கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்,
15-12-2002

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க லெட்டர ராஜாம்பாளுக்குப் படிச்சேன். அந்த மருமவனுங்க கதையக் கேட்டு சிரிச்சா. கார் கதவுல மாட்டுனவன் என்ன ஆனான்னு மறந்துட்டாராமே, நல்ல ஆளுன்னா. சாயங்காலமே மரக்கடைக்குப் போயி பலக வாங்கியாந்து வாசல்ல குறுக்க அடிச்சுட்டா. போறவங்க வர்றவங்க எல்லாம் அதத் தாண்டித்தான் போறாங்க. "அந்த ஆளு அங்க இருந்துக்கிட்டே என் வாசல் சாக்கடைய நெனச்சுக்கறாரு பாருங்க அண்ணி"ன்னு பத்து பேருகிட்ட சொல்லிட்டா.

ஆனா மாமா, நான் அந்த லெட்டரத் தனியா உக்காந்து திரும்பத் திரும்பப் படிக்கறேன். நீங்க எனக்கு எழுதற லெட்டர்ல கடவுள வேண்டுனதே கெடயாது. எல்லாரு பேரையும் மேல போட்டதும் கெடயாது. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு ஆரம்பத்துல எழுதறீங்க, கடைசியில அவரு வேற சைட்டுக்குப் போறாருன்னு எழுதறீங்க. ஜோடியா வேல செஞ்சவங்கள்ல உங்களுக்கு மட்டும் ஏன் ஏ.சி. ரூமு? அவருக்கு வெளிய இப்ப யாரு நிக்கறாங்க?

இன்னொண்ணு. போன வியாழக்கிழமை வேப்பூர்லேர்ந்து சாமிக்கண்ணுன்னு ஒருத்தரு வந்தாரு. அவரு தம்பி உங்க கேம்ப்புலதான் சமையல் வேல செய்யறாராம். நல்லமுத்து வூடு எதுன்னு தெருமொனையில விசாரிச்சுட்டு வந்தாரு. நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். ராஜாம்பாள் பலகைக்கு அந்தப் பக்கம் கொழந்தயத் தூக்கிக்கிட்டு, "வாங்கண்ணே, அவரு எதுனா கொடுத்தனுப்பினாரா?"ன்னு சிரிச்ச மொகமா கேட்டா. அந்த மனுசன் அவளப் பாத்தாரு, கொழந்தயப் பாத்தாரு. "இல்லம்மா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன். நல்லாருக்கீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு"ன்னாரு. தண்ணி கூடக் குடிக்கல. நான் பின்னாலயே ஓடுனேன். அதுக்குள்ள பஸ்ஸு ஏறிட்டாரு.

சும்மா வர்றவரு வேப்பூர்லேர்ந்து விருத்தாசலம் வருவாரா?

என்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ராஜாம்பாள் மூஞ்சியப் பாத்துக்கிட்டு தெனம் எட்டு மணி நேரம் எதிர்ல உக்காந்து வேல செய்யறேன் மாமா.

அமிர்தம்


விருத்தாசலம்,
12-1-2003

மாமாவுக்கு,

என் லெட்டருக்குப் பதில் இல்ல. வர்றதுக்கு முன்னாடி பொட்டி வந்துடுச்சு.

புதங்கெழமை காலையில எங்க கம்பெனிக்குப் போன் வந்துச்சு, மெட்ராஸ் ஏஜெண்டு ஆபீஸ்லேர்ந்து. மறுநாளு மத்தியானம் வேனு. நாலு பேரு எறக்குனாங்க. பலகைய ஒடச்சுட்டுத்தான் பொட்டிய உள்ள கொண்டு போவ முடிஞ்சுது. தொறக்க வேணாம்னு சொன்னாங்க. ராஜாம்பாள் தொறக்கச் சொன்னா. தொறந்தாங்க. அதப் பத்தி எழுத மாட்டேன்.

அவ ஒண்ணும் கதறல. கூட வந்த ஆளு ஒரு கட்டுப் பேப்பர நீட்டுனாரு. எல்லாம் இங்கிலீஷு. அவ வாங்கி என்கிட்ட கொடுத்துட்டு, "படிங்க அண்ணி, தாண்டாம படிங்க"ன்னா. ஒம்பதாவது வரைக்கும் படிச்ச எனக்கு எவ்வளவு புரியும்? தேதி புரிஞ்சுது. 17-11-2002. சொன்னேன்.  அப்புறம், "பலக போடச் சொன்ன லெட்டர்ல என்ன தேதி?"ன்னா.

போயி எடுத்துட்டு வந்தேன். எடுத்துட்டு வர்ற வழியில அதக் கிழிச்சுப் போட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். ஒங்க கிட்ட ஒத்துக்கறேன். கிழிக்கல. இருபது பதினொண்ணுன்னு சொன்னேன்.

பேப்பர்ல மிச்சத்த எங்க கம்பெனி கணக்குப்புள்ள படிச்சுச் சொன்னாரு. வெளிய நின்ன ஆளு வேணாம்னு சொல்லியும் கேக்காம உள்ள போயி, தானே மாஸ்க்கக் கழட்டிட்டாரு, அதனால கம்பெனி பொறுப்பில்லன்னு எழுதியிருக்கு. நேர்ல பாத்த சாட்சின்னு ஒரு கையெழுத்து. கீழ பேர வாசிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கல்யாணப் பதிவுல என் பேருக்குப் பக்கத்துல இருக்கற அதே கையெழுத்து.

அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டோம். நேத்து தபால்ல உங்க பொங்கல் வாழ்த்து வந்துச்சு. கரும்பு படம் போட்டது. கீழ ரெண்டு பேரு: கொளஞ்சிநாதன், நல்லமுத்து. அத நான் யாருக்கும் காட்டல.

ராஜாம்பாள் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. அவரு உள்ள இருந்தப்ப அண்ணன் எங்க நின்னுக்கிட்டிருந்தாரு?

எனக்கு எழுதாதீங்க. அவளுக்கு எழுதுங்க. நான் படிச்சுச் சொல்றேன், ஒரு எழுத்து விடாம.

அமிர்தம்


குவைத்,
5-2-2003

தங்கச்சி ராஜாம்பாளுக்குக் கொளஞ்சிநாதன் எழுதறது.

இதுக்கு முன்னாடி ஒம்பது பேப்பர் எழுதிக் கிழிச்சாச்சு. அமிர்தம் நிறுத்தாம படிக்கட்டும்.

அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. நோன்பு மாசம். அஞ்சு மணிக்கு முன்னாடியே எங்களச் சுத்தி இருந்தவங்க எல்லாம் நோன்பு தொறக்கப் போயிட்டாங்க. சைட்டுல நாங்க ரெண்டு பேரும்தான். அன்னைக்குள்ள அந்த டேங்க முடிக்கணும்னு சூப்பர்வைசரு சொல்லியிருந்தாரு. எம் முறை முடிஞ்சு நான் வெளிய வந்தேன், நல்லமுத்து உள்ள போனான். போறப்ப மணியக் கேட்டான். "நாடகம் ஆரம்பிச்சிருக்கும் மாப்ள. இன்னைக்கு நமக்குக் கொடுத்து வெக்கல"ன்னான்.

கேட்டுக்குப் பக்கத்துல வாட்ச்மேன் ரூமு இருக்குது. அவன் டி.வி. போட்டிருந்தான். சத்தம் நான் நின்ன எடம் வரைக்கும் கேட்டுச்சு. மிஷினு நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. சரி, அஞ்சு நிமிஷம் பாத்து வெச்சுக்கிட்டா அவன் வெளிய வந்ததும் கதையச் சொல்லலாமேன்னு போனேன். சாமி சத்தியமா அப்படி நெனச்சுத்தான் போனேன்.

வாட்ச்மேன் பேரீச்சம்பழம் கொடுத்தான். உக்காந்தேன். அஞ்சு நிமிஷம் இல்ல தங்கச்சி. வெளம்பரம் ரெண்டு தடவ வந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன். சிரிப்புக்கு நடுவுல எங்கயோ இரும்பு தட்டற சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. நாடகத்துலதான் எதயோ ஒடைக்கறானுங்கன்னு நெனச்சுட்டேன்.

வெளிய வந்தப்ப சைட்டு அமைதியா இருந்துச்சு. மிஷினு ஓடல. கயித்தப் புடிச்சு இழுத்தேன். கனமா இருந்துச்சு. அவன் ஓட்டைக்குப் பக்கத்துலதான் கெடந்தான், எட்டற தூரத்துல. மாஸ்க்கக் கழட்டியிருந்தான். காத்து வரலன்னா யாரா இருந்தாலும் கழட்டத்தான் செய்வாங்க.

சூப்பர்வைசரு என்னத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போனாரு. "நீ நின்ன எடத்துல இல்ல. போலீசுக்குப் போனா உன்னத்தான் உள்ள வெப்பான், பத்து வருசம். அவனே கழட்டிட்டான்னு கையெழுத்துப் போடு, மிஷினப் பத்திப் பேசாத, உன்ன நான் பாத்துக்கறேன்"னாரு. போட்டேன். பேப்பரெல்லாம் முடியற வரைக்கும் ஊருக்கு ஒண்ணும் தெரியக் கூடாதுன்னாரு. மூணாம் நாளு உக்காந்து அந்த லெட்டர எழுதுனேன். பலக போடச் சொன்னது நல்லமுத்து இல்ல. நான்தான். உங்க வாசல் எனக்குத் தெரியும்.  அவன் ஏதோ சொன்ன மாதிரி இருந்தா இன்னும் கொஞ்ச நாளு அவன் இருப்பான்னு தோணுச்சு. தமிழினி நடந்தது அவனுக்குத் தெரியும். அது மட்டும் பொய் இல்ல. மிட்டாய் கொடுத்தானே, அது நெசம். தீபாவளிக்கு முந்துன நாளு.

தங்கச்சின்னு கூப்புட எனக்கு அருகத இல்ல. ஆனா ஒரே ஒரு வேண்டுகோள். இந்த லெட்டர யாருகிட்டயும் காட்டாதீங்க. என் பாஸ்போர்ட்டு அவங்க கையில இருக்குது. இங்க சண்ட இன்னைக்கா நாளைக்கான்னு இருக்குது, விஷக் காத்து குண்டு போட்டா மாட்டிக்கன்னு எல்லாருக்கும் முகமூடி கொடுத்து வெச்சிருக்காங்க. நான் உசுரோட ஊரு வந்து சேரணும். கயலுக்காக. வந்த பொறவு நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன். அது வரைக்கும் படிச்சுட்டு எரிச்சுடுங்க.

கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்,
23-2-2003

உங்க லெட்டரு வந்துச்சு. ராஜாம்பாளுக்குப் படிச்சேன். கடைசியில நீங்க கேட்டுக்கிட்டதையும் சேத்துத்தான் படிச்சேன்.

 தமிழினி அவ மடியில தூங்கிக்கிட்டிருந்துச்சு. அப்புறம், "அழுது எழுதியிருக்காரு. ஆனா யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட இன்னும் சொல்லல"ன்னா. அவ்வளவுதான்.

லெட்டர எரிக்கல. திங்கக்கெழமை ரெண்டு பேரும் லீவு போட்டுட்டுக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மனுவோட உங்க லெட்டருங்க ரெண்டோட நகலையும், அதான் பலகை லெட்டரும் இப்ப வந்ததும், வெச்சுக் கொடுத்தோம். மனுவ நான்தான் எழுதுனேன். வாங்கிக்கிட்டவரு, "இதுல சாட்சின்னு இருக்கறவரு உங்களுக்கு என்ன வேணும்?"னு என்னக் கேட்டாரு. சொன்னேன். அவரு எழுதறத நிறுத்திட்டு ஒரு தடவ நிமிந்து பாத்தாரு. டெல்லி வழியா எம்பசிக்குப் போவுமாம். அங்கேர்ந்து உங்களக் கூப்புட்டு விசாரிப்பாங்களாம். கூப்புட்டா போங்க. போயி, இதுல எழுதியிருக்கறத அப்படியே வாயால சொல்லுங்க. சண்ட வந்தாலும் எம்பசிக்காரங்க உங்களக் கொண்டாந்து சேப்பாங்க. கம்பெனி சேக்காது.

நேத்து ராஜாம்பாள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போலாம்னு கூப்புட்டா. பிராது கட்டணும்னா. மனுசங்ககிட்ட கொடுத்த மனு எப்ப நகருமோ, சாமிகிட்டயும் ஒண்ணு எழுதிக் கொடுத்துடலாம்னா. உங்க அம்மா அந்தச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டுப் பெத்து, அந்தச் சாமி பேரையே உங்களுக்கு வெச்சாங்கன்னு அவளுக்கும் தெரியும். அத அவ சொல்லல. நானும் சொல்லல.

கோயில் வாசல்லயே ஒரு பேப்பர் வாங்கி, படியில உக்காந்து எழுதுனேன். அவ சொல்லச் சொல்ல எழுதுனேன். "என் புருசன் நல்லமுத்து எப்படிச் செத்தாருன்னு உள்ளது உள்ளபடி வெளிய வரணும். அதுக்கு இந்தக் கொளஞ்சிநாதன் வாயத் தொறக்கணும். அவரு தொறக்கற வரைக்கும் அவரு பாக்கற எதுவும் அவருக்குச் சிரிப்பா இருக்கக் கூடாது." உங்க பேரு, உங்க அப்பா பேரு, ஆலடி ரோட்டு விலாசம் எல்லாம் எழுதச் சொன்னா. அந்த விலாசத்துலதான் நானும் கயலும் இருக்கோம். எழுதுனேன்.

எழுதுன பேப்பர முனியப்பர் சன்னதியில நட்டிருக்கற வேல்ல கட்டணும். அவ கையில கொழந்த. நான்தான் கட்டுனேன்.

கட்டறதுக்கு முன்னாடி, எழுதுனவங்க பேர இதுல போடணுமான்னு கேட்டேன். "உங்க இஷ்டம் அண்ணி"ன்னா. போட்டுட்டேன்.

அமிர்தம்